பனி தின்ற வாரங்கள்: கனடா றக்பி பற்றி வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

2025 செப்டெம்பரில் பெண்கள் றக்பி உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் கனடா விளையாடியதற்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கனடாவைப் பற்றியவை. எழுதியவர்களில் பெரும்பாலோர் அங்கே பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வைத்திருப்பவர்கள். அந்தப் பிள்ளைகள் ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரை என்ன விளையாடினார்கள், ஏன் காயப்பட்டார்கள், எதைச் சரியாகச் செய்தார்கள் என்பதே கேள்விகளின் மையம். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கல்லடியிலிருந்து ஒரு வாசகி: ரொறன்ரோவில் இருக்கும் தம்பியின் மகள் "எங்கட சீசன் மே மாதம்தான் தொடங்கும் மாமி" என்கிறாள். வன்கூவரில் இருக்கும் மச்சாளின் மகன் "செப்டெம்பரில் தொடங்கினது, இப்பதான் முடியப்போகுது" என்று ஏப்ரலில் சொன்னான். ஒரே நாடு, ஒரே விளையாட்டு. யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் சரி. கனடாவில் றக்பிக்கு இரண்டு நாட்காட்டிகள். பசிபிக் கரையில், அதாவது வன்கூவர், விக்டோரியா பக்கம், குளிர்காலத்தில் மழைதான் அதிகம். நிலம் பெரும்பாலும் உறைவதில்லை. ஆகவே செப்டெம்பரில் தொடங்கி, நத்தாரை ஒட்டி ஓர் இடைவேளை விட்டு, இளவேனிலில் முடிக்கிறார்கள். ஒன்ராறியோ, கியூபெக், நடுவிலுள்ள புல்வெளி மாகாணங்கள் எல்லாம் அதற்கு நேர்மாறு. குளிர்காலம் முழுக்க மைதானம் பனிக்கு அடியில் கிடக்கும். கழகங்கள் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வெளியே வந்து, இலையுதிர்காலம் வரை விளையாடும். பல்கலைக்கழகப் போட்டிகள் செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் வரை. ஒன்ராறியோ உயர்பாடசாலைப் போட்டிகளோ ஏப்ரலில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தோடு முடிந்துவிடும்.

இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்களுக்கு வேர் அங்கேதான். பாடசாலைப் பருவம் மொத்தமே ஏறத்தாழ எட்டு வாரம். பனி உருகப் பிந்தினால் அதில் இரண்டு, மூன்று வாரம் போய்விடும். போட்டிகளின் எண்ணிக்கை குறையாது, மீதி வாரங்களுக்குள் நெருக்கி அடைக்கப்படும். பனி தின்ற வாரங்களைப் பிள்ளைகளின் உடம்பிலிருந்து மீட்கப் பார்ப்பதுதான் கனடாவின் முதல் மாதங்களில் நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது என்பது எங்கள் கணிப்பு.

சம்மாந்துறையிலிருந்து ஒரு விவசாயி: மருமகன் ஏப்ரல் நடுவில் படம் அனுப்பினார். வெயில் அடிக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது. ஆனால் நகரசபை மைதானத்தைப் பூட்டி வைத்திருக்கிறதாம். ஏன்?

பதில்: உங்களுக்கு இதை விளக்குவது எளிது. வயலில் உழவுச் சாலுக்குக் கீழே ஒரு கடினத் தட்டு இருக்கிறதல்லவா? மேலே சேறு, கீழே இறுகிய களி. தண்ணீர் இறங்காமல் அந்தத் தட்டுத்தான் பிடித்து வைக்கிறது. உறைந்த நிலம் உருகும்போது நடப்பதும் அதுவே. வெயில் மேலிருந்து சுடுவதால் முதலில் மேலுள்ள சில அங்குலம் மட்டும் இளகும். அதற்குக் கீழே மண் இன்னும் கட்டியாக உறைந்து கிடக்கும். உருகிய நீரும் மழை நீரும் வடிய வழியில்லை. பார்வைக்குப் புல்வெளி, காலுக்கு நாற்றுமேடை.

அந்த நிலையில் முப்பது பேர் பூட்ஸோடு இறங்கி இரு அணியினரும் குனிந்து தோளோடு தோள் பிணைந்து தள்ளும் ஸ்க்ரம் ஒன்றே ஒன்று நடந்தாலும், அந்த இடத்தில் புல் வேரோடு சுருண்டு வரும். அப்போது வேரூன்ற நாளில்லாததால் அந்தப் பள்ளம் பருவம் முழுக்க ஆறாது, சுடுகாலத்தில் காய்ந்து கல்லாகும். அதனால்தான் பல நகரசபைகள் மே தொடக்கம் வரை புல் மைதானத்தைத் திறப்பதில்லை. மருமகனின் கழகம் சொந்த மைதானம் வைத்திருந்தால் ஒரு சோதனை போதும். குதிக்காலை ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டுத் திருப்பட்டும். தடத்தில் நீர் ஊறினாலோ, புல் தோல்போல வழுகினாலோ அன்று வேண்டாம். ஐந்தாறு இடத்தில் பார்க்க வேண்டும். மரநிழல் விழும் ஓரமும் கோல் கம்பத்தடியும் கடைசியாகத்தான் காயும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாத்தா: பேரனுக்கு 16 வயது. மார்ச் மாதம் முழுக்கப் பாடசாலை உள்ளரங்கில் கடுமையாகப் பயிற்சி எடுத்தான். வெளியே இறங்கிய முதல் வாரமே பின்தொடைத் தசை பிய்ந்துவிட்டது. பயிற்சி எடுத்தவனுக்கு ஏன் இப்படி?

பதில்: அரங்கின் நீளத்தைப் பாருங்கள். முழு அளவான கூடைப்பந்துத் தளமே 28 மீற்றர்தான். அதற்குள் ஓடுபவர் பத்துப் பதினைந்து மீற்றரில் வேகம் பிடித்து, உடனே நிறுத்தியாக வேண்டும். உச்ச வேகத்தை ஒருநாளும் தொடுவதில்லை. பின்தொடைத் தசை மிக அதிகமாக இழுபடுவது உச்ச வேகத்தில், முன்னே வீசிய காலைத் தரையில் ஊன்றுவதற்குச் சற்று முன்னர். பேரன் ஆறு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக 50, 60 மீற்றர் முழு வேகத்தில் ஓடியது அந்த வாரத்தில்தான். மூச்சு பழகியிருந்தது, தசை பழகவில்லை. குளிரும் ஒரு காரணம்தான், ஆனால் இரண்டாவது காரணம்.

அடுத்த பருவத்துக்கு இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பெப்ரவரியிலேயே தசையை வலுப்படுத்தத் தொடங்க வேண்டும். முழங்காலில் நின்று, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்தபடி முன்பக்கம் மெல்ல மெல்லச் சாய்ந்து தரைக்கு வருவதே அந்தப் பயிற்சி. முதல் வாரம் ஒரு நாள், ஐந்து தடவை வீதம் இரண்டு சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், ஆறு தடவை வீதம் இரண்டு சுற்று. நான்காம் வாரத்தில் மூன்று நாள், எட்டுத் தொடக்கம் பத்துத் தடவை வீதம் மூன்று சுற்று. முதல் இரண்டு வாரம் தொடை நோகும். அந்த நோவுக்குப் பயந்து விடுபவர்களே அதிகம். அதனால் ஆட்டம் தொடங்கிய பிறகு ஆரம்பிக்கக் கூடாது.

வெளியே வந்ததும் ஓட்டத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முதல் வாரம் 40 மீற்றர் ஓட்டம் ஆறு, முழு வேகத்தில் பத்தில் ஏழு பங்கு. அடுத்த வாரம் எட்டுப் பங்கு, அதற்கடுத்து ஒன்பது. நான்காம் வாரத்தில்தான் முழு வேகம். நான்கு வாரம் கிடைக்காது என்பார்கள். வெளி வண்டித் தரிப்பிடம், ஓட்டத்தளம், செயற்கைப் புல் எங்காவது மார்ச் கடைசியில் ஈரமில்லாத நாள் பார்த்து ஓடத் தொடங்கினால் கிடைக்கும்.

இன்னொன்று, வேர்ல்ட் றக்பி அமைப்பின் 'அக்டிவேட்' என்ற உடல்சூட்டுப் பயிற்சி. 15 தொடக்கம் 20 நிமிடம் பிடிக்கும். ஓட்டம், சமநிலை, கழுத்துத் தசை, குதித்து இறங்குதல் எல்லாம் அதில் உண்டு. இங்கிலாந்துப் பாடசாலை மாணவரிடையே நடந்த ஆய்வு 2017 இல் வெளியானது. வாரம் மூன்று தடவையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் போட்டிக் காயங்கள் 72 சதவீதமும், தலையதிர்ச்சி 59 சதவீதமும் குறைவாக இருந்தன. வாரம் ஒருமுறை செய்தால் அந்தப் பலன் கிடைக்காது. குளிர் நாளில் நேரம் போதாது என்று முதலில் வெட்டப்படுவது இந்த இருபது நிமிடம்தான். வெட்ட வேண்டியது வேறு ஏதாவதாக இருக்கட்டும்.

காரைதீவிலிருந்து ஒரு தாய்: ஒட்டாவாவில் அக்காவின் மகளுக்கு மே மாதம் விளையாட்டில் தலை அடிபட்டது. மயங்கி விழவில்லை, இரத்தமும் வரவில்லை. ஆனாலும் மூன்று வாரம் விளையாட விடவில்லை என்று பிள்ளை அழுதாள். இவ்வளவு கெடுபிடி தேவையா?

பதில்: தேவை. அதுவும் ஒட்டாவாவில் இருப்பவர்களுக்கு ஏன் என்று நன்றாகவே தெரியும். 2013 மே மாதம் அந்த நகரத்தில் றோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, தன் உயர்பாடசாலை றக்பி அணியின் தலைவி, இறந்துபோனாள். ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடி. முதல் அடிக்குப் பிறகு தலைவலி இருந்தது. தலையதிர்ச்சியாக இருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது. ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கு இறங்கினாள். முதல் அடியிலிருந்து மூளை தேறும் முன்னர் இன்னோர் அடி விழுந்தால், மூளை கட்டுக்கடங்காமல் வீங்கக்கூடும். இரண்டாம் தாக்க நோய்க்குறி என்பது அதுதான். அரிது, ஆனால் நடந்தால் மீட்பது மிகக் கடினம். வயது குறைந்தவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம்.

அவள் விளையாடிய மாதத்தைப் பாருங்கள். பனிக்குப் பிந்திய, நெருக்கமான பாடசாலைப் பருவம். ஒரு வாரத்துக்குள் பல ஆட்டம். இந்த மரணத்தின் பின் நடந்த விசாரணையின் பயனாக ஒன்ராறியோ மாகாணம் 2018 இல் றோவன் சட்டத்தை நிறைவேற்றியது. 26 வயதுக்குட்பட்ட விளையாட்டுக்காரரும், 18 வயதுக்குட்பட்டவர்களின் பெற்றோரும், பயிற்றுநரும் ஆண்டுதோறும் தலையதிர்ச்சி பற்றிய விளக்கத்தைப் படித்து உறுதிசெய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே வெளியே எடுக்க வேண்டும். வைத்திய அனுமதியில்லாமல் முழுப் பயிற்சிக்கோ போட்டிக்கோ திரும்பக் கூடாது. பிள்ளையின் பயிற்றுநர் செய்தது கெடுபிடி அல்ல, சட்டம் சொன்ன கடமை.

மயக்கம் பற்றிய எண்ணத்தை முதலில் விடுங்கள். தலையதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றும் இல்லை. உடம்பில் விழுந்த அடி தலையை உலுக்கினாலும் போதும். ஸ்கேன் படத்தில் எதுவும் தெரியாமலும் இருக்கும். தலைவலி, வெளிச்சம் கண்ணைக் குத்துதல், 'மூளை மப்பாக இருக்கு' என்று சொல்வது, பதில் சொல்லப் பிந்துவது, காரணமில்லாத அழுகை, எரிச்சல், தூக்கம் மாறுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆட்டத்திலிருந்து வெளியே. அன்று திரும்ப இறங்கவே கூடாது.

பிறகு வரும் நாட்கள் இப்படி. முதல் 24 தொடக்கம் 48 மணித்தியாலம் ஓய்வு. ஓய்வென்றால் இருட்டறையில் அடைத்து வைப்பதல்ல. வீட்டுக்குள் நடக்கலாம், பேசலாம். தொலைபேசித் திரையைக் குறைக்க வேண்டும். அதன்பின் அறிகுறி கூடாத அளவுக்கு நடை, மெல்லிய சைக்கிளோட்டம், தனியாகப் பந்தோடு ஓட்டம், மோதல் இல்லாத குழுப்பயிற்சி என்று படி ஏறலாம். ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் ஒரு படி கீழே. வைத்தியர் அனுமதித்த பின்னரே மோதல் பயிற்சி. கடைசியாகத்தான் போட்டி. சாதாரண கழக, பாடசாலை வீரருக்கு வேர்ல்ட் றக்பி விதித்திருப்பது, அடிபட்ட நாளிலிருந்து 21 நாளுக்கு முன் போட்டியில்லை என்பது. நீங்கள் சொன்ன மூன்று வாரம் அங்கிருந்து வந்தது. அதுவே ஆகக் குறைந்தது. பாடசாலைப் படிப்புக்கு முழுமையாகத் திரும்பாத பிள்ளை மைதானத்துக்குத் திரும்பக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே நம் பிள்ளைகள் உதைபந்திலோ எல்லேயிலோ தலை அடிபட்டு வந்தாலும் இதே முறைதான். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து நோவு, கை கால் விறைப்பு, இரட்டையாகத் தெரிதல், எழுப்பினால் எழும்பாத தூக்கம் இவற்றில் ஒன்று கண்டால் காத்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். கழுத்து நோவென்றால் பிள்ளையைத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்ற வேண்டாம், கிடந்த இடத்திலேயே தலையை அசையாமல் பிடித்திருங்கள்.

அக்காவின் மகள் அழுதது நியாயம். எட்டு வார பருவத்தில் மூன்று வாரம் என்பது அவளுக்குப் பெரிய இழப்பு. ஆனாலும் பயிற்றுநர் செய்ததே சரி.

அதே பொருளில் கல்முனையிலிருந்து ஒருவர்: இந்த அடி பெரும்பாலும் பந்தோடு ஓடுபவருக்கா, மடக்கிப் பிடிப்பவருக்கா?

பதில்: மடக்குபவருக்கு. நிமிர்ந்தபடி போய் மோதினால் தலையும் தலையும் ஒரே உயரத்தில் வரும். முழங்காலையும் இடுப்பையும் மடித்து, தலையை ஓடுபவரின் பின்பக்கத்துக்கு விலக்கி, தோளால் முட்டிக் கையால் கட்ட வேண்டும். கன்னம் அவரது பின்தட்டில் ஒட்டும் நிலை. தலை அவர் ஓடும் பாதைக்குக் குறுக்கே, முன்பக்கம் போய்விட்டால் அவரது இடுப்பெலும்போ முழங்காலோ அதில் மோதும். பனிக்காலத்தில் ஆறு மாதம் இதைச் செய்யாதவர்களை முதல் நாளே முழு வேகத்தில் மோதவிடக் கூடாது. முதல் நாள் இருவரும் முழங்காலில், அடுத்து ஒருவர் நடந்துவர, அடுத்து மெல்லோட்டத்தில், பிறகுதான் முழு வேகம். சாதாரண நிலைப் போட்டிகளில் மார்பெலும்பின் அடிக்குக் கீழேதான் மடக்கலாம் என்ற பரீட்சார்த்த விதியை 2023 தொடக்கம் வேர்ல்ட் றக்பி பரிந்துரைத்திருப்பதும் இதற்காகவே.

ஏறாவூரிலிருந்து ஒரு மாணவன்: மொன்றியலில் இருக்கும் சித்தப்பா சொன்னார், வீட்டில் சரியாகக் காற்றடித்த பந்து மைதானத்துக்குப் போனதும் நொய்ந்துவிடுகிறதாம். பந்தில் ஓட்டையா?

பதில்: ஓட்டை இல்லை, குளிர். றக்பிப் பந்தில் இருக்க வேண்டிய அழுத்தம் 9.5 தொடக்கம் 10 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு). வீட்டுக்குள் 22 பாகை செல்சியஸில் 9.75 இற்கு அடித்தார் என்று வைப்போம். வெளியே 4 பாகை. காற்றமானி காட்டுவது வளியமுக்கத்துக்கு மேலதிகமான அளவை மட்டும். வளியமுக்கம் 14.7 ஐயும் சேர்த்தால் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 24.45. வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்தால் 295 இலிருந்து 277 ஆகக் குறைகிறது. 24.45 ஐ 277 ஆல் பெருக்கி 295 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 22.95. அந்த 14.7 ஐக் கழித்தால் மிஞ்சுவது எட்டேகால். விதி சொல்லும் எல்லைக்குக் கீழே. அந்தப் பந்தை உதைத்தால் பாதத்தில் அமுங்கிச் சக்தியை விழுங்கும். பழக்கமான தூரத்திலிருந்து பெனல்டி உதைப்பவர் கம்பத்துக்கு முன்னாலேயே பந்து விழுவதைப் பார்த்துக் காலைத் திட்டுவார்.

வைத்தியம் எளிது. பந்தை மைதானத்தில் இருபது நிமிடம் வைத்துவிட்டு அங்கேயே அடிக்க வேண்டும். ஆனால் அதே பந்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் அழுத்தம் ஏறும். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

நம் ஊரில் இதன் மறுபக்கம். காலை 27 பாகையில் 9.75 இற்கு அடித்த பந்து, கச்சான் காற்று அடிக்கும் மதியத்தில் வெயிலில் கிடந்து 45 பாகைக்குச் சூடேறினால் 11 ஐத் தாண்டும். கல்லுப்போலாகி விரலில் மோதும், பிடிக்க வந்த சிறுவனின் விரல் மடங்கும். பந்தை வேம்படி நிழலில் வையுங்கள். ஊசியைச் செருகும் முன் தண்ணீரில் நனைத்தால் போதும், தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். எண்ணெய் பட்ட இறப்பர் வால்வு ஊதி, பிறகு காற்றைப் பிடிக்காது.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஒருவர்: மகனுக்கு இங்கிருந்து உதைபந்து பூட்ஸ் வாங்கி அனுப்பினால் றக்பிக்குப் பாவிக்கலாமா?

பதில்: பின்வரிசையில் ஓடுபவர் என்றால் பாவிக்கலாம். ஸ்க்ரம் தள்ளும் முன்வரிசைக்காரருக்கு அடியில் எட்டுக் குமிழுள்ள, குதிக்கால் உயர்ந்த பூட்ஸ் வேண்டும். குமிழ் 21 மில்லிமீற்றருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. தேய்ந்து கூர் எழும்பிய அலுமினியக் குமிழை மத்தியஸ்தர் அனுமதிக்கமாட்டார். நகத்தால் சுற்றித் தடவிப் பார்த்து, அராவி எடுக்கலாம்.

ஆனால் முதல் மாதங்களில் அங்கே பலரும் இடறுவது வேறிடத்தில். புல் மைதானம் பூட்டியிருப்பதால் பயிற்சி செயற்கைப் புல்லில் நடக்கும். நீளமான குமிழோடு அதில் இறங்கினால் கால் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும், முழங்கால் இணையம், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், அறும். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. செயற்கைப் புல்லுக்கு வார்ப்புக் குமிழ், உருகிய புல்லுக்குத் திருகு குமிழ் என்று இரண்டு சோடி வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு என்றால், வயதில் குறைந்தவருக்கு வார்ப்புக் குமிழே நல்லது. நனைந்த பூட்ஸைப் பத்திரிகைத் தாள் அடைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாளை மாற்றிக் காயவிடுங்கள். ஹீற்றரில் வைத்தால் தோல் வெடித்து, ஒட்டுப்பசை விட்டுவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியை: கனடாப் பெண்கள் அணி இறுதியாட்டம் வரை போனது. பணக்கார அணி அல்ல என்கிறார்கள். அவர்களுடைய முதல் மாதங்கள் எப்படி இருந்தன?

பதில்: நல்ல கேள்வி, ரீச்சர். செப்டெம்பரில் நாம் பார்த்ததன் விதை மே மாதத்தில் போடப்பட்டது. தேசிய அணியின் தளம் விக்டோரியாவை ஒட்டிய லாங்ஃபோர்ட் நகரில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுக்கப் புல்லில் பயிற்சி எடுக்கலாம். ஆகவே ஒட்டாவாப் பிள்ளைகளை நெருக்கும் பனி இவர்களை நெருக்குவதில்லை. அந்த ஆண்டில் முதல் பெரிய சோதனை மே மாதத்தில் வந்த பசிபிக் நால்வர் தொடர். எதிரிகள் ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. 2024 மே மாதம் கிறைஸ்ட்சேர்ச்சில் நியூசிலாந்தை 22–19 என்று, வரலாற்றில் முதன்முறையாக, வென்று அந்தத் தொடரையும் கைப்பற்றினார்கள். 2025 மே 17 அன்று அதே கிறைஸ்ட்சேர்ச்சில் 27–27 என்று சமநிலை. கிண்ணம் நியூசிலாந்துக்குப் போனது. ஆனால் அன்றைய உலகச் சம்பியனான நியூசிலாந்தை அவர்களுடைய மண்ணிலேயே இரண்டு வருடமாகத் தோற்காமல் எதிர்கொண்ட அணி, நான்கு மாதம் கழித்து பிரிஸ்ரல் அரையிறுதியில் அவர்களைக் கண்டு மிரளவில்லை. 34–19 என்று வென்றது.

அவர்களின் ஆட்டத்தில் மாணவிகளுக்குக் காட்ட வேண்டியது ஓட்ட வேகத்தை அல்ல, றக்கின் வேகத்தை. றக் என்பது மடக்கப்பட்டவர் விழுந்த இடத்தில் தரையிலுள்ள பந்துக்காக இரு அணியும் தள்ளுவது. மடக்கப்பட்டவர் விழும்போதே உடம்பைத் தன் அணிப் பக்கம் நீட்டி, பந்தை ஒரு கை நீளத்துக்குப் பின்னால் வைப்பார். முதல் துணைக்காரர் தாழ்ந்து வந்து எதிரியைத் தள்ளித் துடைப்பார். அங்கிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃப் குனிந்த இடத்திலிருந்தே, நிமிராமல், எறிவார். இந்த மூன்றும் இரண்டு, மூன்று விநாடிக்குள் முடிந்தால் எதிரணி வரிசை கட்ட நேரமில்லை. நான்கு மாணவிகளும் ஒரு பந்தும் இருந்தால் உங்கள் மைதானத்திலேயே இதைப் பழக்கலாம்.

பணம் பற்றிச் சொன்னது உண்மை. உலகக் கிண்ணத் தயாரிப்புக்கு 10 இலட்சம் கனடிய டொலர் திரட்டப் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். அந்த அணியின் சோஃபி டி கூடே 2024 கோடையில் முழங்கால் இணையம் அறுந்து பாரிஸ் ஒலிம்பிக்கைத் தவறவிட்டவர். அவசரப்படாமல் ஓராண்டுக்கு மேல் எடுத்து, உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்னர்தான் திரும்பினார். அந்த ஆண்டின் உலகின் சிறந்த வீராங்கனை விருது அவருக்கே கிடைத்தது. களுவாஞ்சிகுடிப் பேரன் இதைக் கவனிக்கட்டும். இறுதியாட்டத்தில், செப்டெம்பர் 27 அன்று லண்டனின் ட்விக்கன்ஹாமில், 81,885 பேருக்கு முன்னால், இங்கிலாந்து 33–13 என்று வென்றது. கனடாவின் 13 இரண்டு ட்ரையும் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் ஊன்றுவது) ஒரு பெனல்டியும்.

பொத்துவிலிலிருந்து: கனடியன் ஃபுட்போல் என்பதும் றக்பியும் ஒன்றா?

பதில்: இல்லை, ஆனால் இரத்த உறவு. 1874 மே மாதம் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகம் ஹாவர்ட்டுக்குப் போய் றக்பி விதியில் விளையாடிய ஆட்டம் வட அமெரிக்க ஃபுட்போலின் பாதையையே திருப்பியது. இன்று கனடியன் ஃபுட்போலில் பக்கத்துக்கு 12 பேர், முன்னோக்கி எறியலாம், தலைக்கவசம் உண்டு. றக்பியில் 15 பேர், பந்தை முன்னே எறியக் கூடாது.

செங்கலடியிலிருந்து: மகளின் ஆட்டத்தை நேரலையில் பார்க்க நேரம் குழம்புகிறது.

பதில்: மார்ச் இரண்டாவது ஞாயிறு தொடக்கம் நவம்பர் முதல் ஞாயிறு வரை ரொறன்ரோ நேரத்தோடு ஒன்பதரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். சனி பகல் ஒரு மணி ஆட்டம் நமக்கு அன்றிரவு 10.30. மற்ற மாதங்களில் பத்தரை மணித்தியாலம். வன்கூவர் என்றால், ஒன்பதரை மணித்தியாலம் கூட்டும் மாதங்களில் இன்னும் மூன்று மணித்தியாலம் சேருங்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஓர் இளைஞர் கழகம்: எங்களிடம் ஒரு மைதானமும் இருபது பொடியன்களும் இருக்கிறார்கள். றக்பி தொடங்கலாமா? எப்போது, எதைக் கொண்டு?

பதில்: தொடங்கலாம். கனடாவில் பனி செய்வதை இங்கே மழையும் வெயிலும் செய்யும் என்பதை முதலில் கணக்கில் எடுங்கள். நவம்பர், டிசம்பரில் மைதானம் குளம். ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சானில் காய்ந்து சீமெந்துத் தரை. மழை விட்டு நிலம் இன்னும் மெதுவாக இருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே மடக்கிப் பழக ஏற்றவை. அந்த வாரங்களைத் தவறவிட்டால் ஜூலையில் ஈடுசெய்யப் பார்க்காதீர்கள். காய்ந்த தரையில் மடக்கினால் தோள் எலும்பு போகும்.

முதல் இரண்டு மாதம் ரச் றக்பி, அதாவது மடக்காமல் கையால் தொடும் ஆட்டம், மட்டும். 70 மீற்றர் நீளம், 50 மீற்றர் அகலம், பக்கத்துக்கு ஆறு பேர், ஆறு தடவை தொடப்பட்டால் பந்து எதிரணிக்கு. உங்கள் இருபது பேரில் இரண்டு அணி இறங்க, மீதி எட்டுப் பேர் மாறி மாறி வரலாம். 15 வயதும் மேலும் என்றால் ஐந்தாம் இலக்கப் பந்து, 10 தொடக்கம் 14 வரை நான்காம் இலக்கம். நான்கு பந்து போதும், ஒரு பந்தோடு இருபது பேரை நிறுத்தினால் பாதிப்பேர் பார்வையாளர்தான். எல்லைக்குச் சுண்ணாம்பு போடும்போது நீற்றாத சுண்ணாம்பு வேண்டாம், வியர்வையிலும் கண்ணிலும் பட்டால் சுடும். மணலோ மரத்தூளோ போடலாம்.

விழப் பழகுவதற்குக் கடற்கரை மணல் நல்லது. சிப்பி, போத்தல் ஓடு, தூண்டில் முள் இருக்கிறதா என்று வரிசையாக நின்று கையால் அளைந்து பார்த்த பின்னரே. பயிற்சி மாலை நாலரைக்குப் பிறகு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், தலைசுற்று வந்தவரை உடனே நிழலில் கிடத்தி நனைத்த துணியால் கழுத்தையும் அக்குளையும் குளிர்விக்க வேண்டும்.

ஸ்க்ரம்மை மட்டும் தனியாகத் தொடாதீர்கள். குனி, பிடி, செற் என்ற மூன்று அழைப்பின் ஒழுங்கு தவறினால் கழுத்து மடியும். 19 வயதுக்குட்பட்ட ஆட்டத்தில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளவும் கூடாது. பயிற்றுநர் சான்றிதழ் உள்ள ஒருவர் வந்து கற்பிக்கும்வரை, மூன்று பேர் சும்மா கட்டிப்பிடித்து நிற்கும் தள்ளாத ஸ்க்ரம் போதும். பொடியன்களில் யார் யாருக்கு முன்பு தலையில் அடிபட்டிருக்கிறது என்று ஒரு கொப்பியில் முதல் நாளே எழுதி வையுங்கள். அந்தக் கொப்பி எப்போதும் மைதானத்துக்கு வர வேண்டும்.